தரு பாத்திரம் தேய்க்கிறாள்

பாவ்நகர்,
18 ஜனவரி 1961

அன்புள்ள மோட்டிபென்னுக்கு,

கோகிலா எழுதுவது. ஜய் ஸ்ரீகிருஷ்ணா. இங்கே மூவரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பம்பாயில் இந்த வருஷம் குளிர் உண்டா?

கல்யாணமாகி எட்டு மாதத்தில் இது என் மூன்றாவது கடிதம். இரண்டுக்குப் பதில் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்த மூத்தவளின் பிறந்தவீடுதான் இரண்டாவதாக வந்தவளுக்குத் தாய்வீடு, அவள் அக்காதான் எனக்கும் மோட்டிபென் என்று சொல்லித்தான் என்னை இந்த வீட்டுக்குள் கூட்டிவந்தார்கள். வழக்கப்படி மூத்தவள் உர்மிளாபென்னின் பாதம் பொறித்த வெள்ளித் தகடு என் கழுத்தில் இருக்கிறது. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

தரு நன்றாக இருக்கிறாள். தீபாவளி முடிந்ததும் உங்கள் தங்கை மகளைப் பாலமந்திரில் சேர்த்தோம். நாலரை வயதுக்கு அங்கே ஸ்லேட்டு கிடையாது, மனப்பாடம் கிடையாது. எல்லாம் கைவேலைதான். சின்னக் கூஜாவிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது, கலந்து வைத்த துவரையையும் பயறையும் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்தே பிரிப்பது, பொத்தான் போட்டுப் பழகுவது. இவர் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்த ஒரு பள்ளிக்கூடமா? நம்ம வீட்டுல குழாய் இல்லையா?" என்று சிரித்தார்.

தரு என் முந்தானையை விடவில்லை என்பதால் டீச்சர் தாராபென் என்னையும் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டார். அங்கே பார்ப்பதை வீட்டிலும் செய்து பார்க்கிறோம். உத்தராயணத்துக்குப் பட்டம் விட்டோம். தரு நூலைத் தொடவில்லை, வெட்டிவிடும் என்று நான் பிடித்துக்கொண்டேன்.

நமஸ்காரங்களுடன்,
கோகிலா

பம்பாய்,
30 ஜனவரி 1961

கோகிலாவுக்கு,

ஜய் ஸ்ரீகிருஷ்ணா. கடிதம் கிடைத்தது. முன்னால் எழுதிய இரண்டும் கிடைத்தன. தருவுக்குப் பல் வலி என்று போன தீபாவளிக்கு உன் வீட்டுக்காரர் திரஜ்லால் எழுதியிருந்தாரே, சரியாயிற்றா?

மூன்று கடிதத்திலும் "தரு நன்றாக இருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறாய். நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்காததை மூன்று தடவை சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளித் தகட்டைப் பற்றி எனக்கு எழுதாதே. அது ஊர் பார்க்கப் போடுவது. எங்கள் சித்தியும் எங்கள் அம்மாவின் பாதத்தைத் தங்கத்தில் அடித்துப் போட்டிருந்தாள். அவள் வந்தபோது எனக்கு ஆறு வயது, உர்மிளாவுக்கு மூன்று. ஏழாவது வயதில் நான் பத்துப் பேர் சாப்பிட்ட பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வெளியாட்கள் வந்தால், "வீட்டு வேலை பழகுறா, நாளைக்குப் போற இடத்துல பேர் வாங்கணும்ல?" என்பாள். உன் கடிதத்தில் "கைவேலை" என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு அவள் குரல்தான் கேட்டது.

எங்கள் மாடியில் இருக்கும் குழந்தை நாலு வயதில் க, க, க என்று ஸ்லேட்டு நிறைய எழுதுகிறது. தருவை நாலு எழுத்து எழுதச் சொல்லி அனுப்பு. நீ அவள் கையைப் பிடிக்காமல் எழுத வேண்டும். அவள் எப்படி இருக்கிறாள் என்பதை அதைப் பார்த்து நான் தெரிந்துகொள்கிறேன்.

ஜசுமதி

பாவ்நகர்,
12 பிப்ரவரி 1961

அன்புள்ள மோட்டிபென்னுக்கு,

ஜய் ஸ்ரீகிருஷ்ணா. பதில் எழுதினீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம். தருவின் பல் வலி போய்விட்டது. உங்கள் முழங்காலைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே?

எழுத்து அனுப்ப முடியவில்லை, மன்னியுங்கள். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை அவள் இப்போதுதான் விரலால் தடவிப் பழகுகிறாள். விரல் உறுதிப்படட்டும், பென்சிலை அவளே கேட்பாள், அதுவரை கொடுக்காதே என்கிறார் தாராபென். அதற்குப் பதிலாகத் தரு தானே துவைத்து மடித்த கைக்குட்டை ஒன்றை அனுப்பியிருக்கிறேன். முனைக்கு முனை சேர்ந்திருக்கிறதா பாருங்கள். நாலு தடவை பிரித்துப் பிரித்து மடித்தாள். "மாசிக்குன்னா நேரா இருக்கணும்" என்றாள், பெரியம்மா உங்களைத்தான்.

இந்த வாரம் பாலமந்திருக்குப் போகவில்லை. கொஞ்சம் உடம்பு சரியில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

கோகிலா

பம்பாய்,
3 மார்ச் 1961

கோகிலாவுக்கு,

ஜய் ஸ்ரீகிருஷ்ணா. தருவின் விரல் எப்படி இருக்கிறது?

எந்த விரல் என்று கேட்பாயோ? இடது கை ஆள்காட்டி விரல். உங்கள் எதிர்வீட்டுச் சம்பாபென் தன் தம்பி கல்யாணத்துக்கு இங்கே வந்தவள், நேற்று ஹோலி அன்று என்னைப் பார்க்க வந்தாள். தேநீர் ஆறிப்போகும் வரை பேசினாள். "உங்க உர்மிளா பொண்ணு கையில கட்டு போட்டிருந்துச்சு, கத்தி வச்சு வெள்ளரிக்கா நறுக்குதாம்" என்றாள். முற்றத்தில் உட்கார்ந்து கிண்ணம் தேய்க்கிறதாம். மாவு பிசைகிறதாம். இதெல்லாம்கூடப் போகட்டும். துடைப்பம் கட்டுகிறவனை வீட்டுக்கு அழைத்து, குழந்தையை நிற்கவைத்து, அவள் உயரத்துக்கு அளவெடுத்துத் துடைப்பம் கட்டச் சொன்னாயாமே!

அடிப் பாவி! எங்கள் சித்திகூடப் பெரிய துடைப்பத்தைத்தான் கொடுத்தாள். அளவெடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்று எழுதினாயே, யாருக்கு என்று ஏன் எழுதவில்லை? வெட்டுக்காயத்தை மறைக்கத்தானே? கைக்குட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். நாலரை வயதுக் குழந்தையின் உழைப்பில் நான் மூக்குத் துடைக்க மாட்டேன்.

ஜசுமதி

பாவ்நகர்,
9 மார்ச் 1961

மோட்டிபென்னுக்கு,

ஜய் ஸ்ரீகிருஷ்ணா. விரல் ஆறிவிட்டது. தழும்புகூட இல்லை.

மறைத்தது தப்புதான். உங்கள் முதல் கடிதத்தைப் படித்த பிறகு எழுதப் பயமாக இருந்தது. நடந்தது இதுதான். பழத்துக்கு வைத்திருக்கும் மொக்கைக் கத்தி அது. அவள் பத்து நாளாக அதில் நறுக்குகிறாள், ஒன்றும் ஆகவில்லை. அன்று நான் உள்ளேயிருந்து, "தரு, பால் பொங்குது பாரு!" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்தாள், கத்தி வழுக்கியது. வேலை செய்யும் குழந்தையைக் கூப்பிடாதே என்று பாலமந்திரில் நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள். குற்றம் கத்தியில் இல்லை, என் வாயில்.

துடைப்பம் கட்டச் சொன்னது உண்மை. பெரிய துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, "நானும் நானும்" என்பாள். அதைத் தூக்க முடியாமல் விழுவாள். சின்னது கட்டினேன். அவள் ஒரு கிண்ணம் தேய்ப்பாள், தன் கிண்ணத்தை மட்டும். வீட்டுப் பாத்திரம் முழுவதும் நான்தான் தேய்க்கிறேன், சம்பாபென் அதைச் சொல்லவில்லையா? அவள் பெருக்கிய இடத்தை அவள் தூங்கியதும் நான் திரும்பப் பெருக்குகிறேன். வேலை மிச்சமாக வேண்டும் என்றால் அவளைத் தொடவிடாமல் இருப்பதுதான் வழி.

ஒரு தடவை வந்து பாருங்கள். ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. தரு இங்கே நன்றாகத்தான் இருக்கிறாள் என்று தெரிந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமா?

கோகிலா

பம்பாய்,
20 மார்ச் 1961

கோகிலாவுக்கு,

கேள்வி கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாயா? பலே.

எனக்குக் குழந்தை இல்லை, அதனால் பொறாமை என்று சொல்ல வருகிறாய். அப்படியே வைத்துக்கொள். ஆனால் நீ எழுதாமல் விட்ட இன்னொன்றும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. உனக்கு நாலாம் மாதமாமே. பிப்ரவரியில் "கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்றது இதைத்தானா? அப்படியானால் அந்த ஒரு வரியில் இரண்டை மறைத்திருக்கிறாய், கெட்டிக்காரி.

இப்போது எனக்குக் கணக்காகப் புரிகிறது. தண்ணீர் ஊற்றப் பழக்குகிறாய், துணி மடிக்கப் பழக்குகிறாய், தரை துடைக்கப் பழக்குகிறாய். ஆவணியில் தொட்டில் கட்டும்போது அதை ஆட்டுவதற்கு ஆள் தயார். எனக்கும் அப்படித்தான் ஆனது. சித்திக்குப் பிறந்த மூன்றையும் இடுப்பில் தூக்கி வளர்த்தது நான். என் முழங்காலைத் திரும்பத் திரும்ப விசாரிக்கிறாயே, அது எதனால் தேய்ந்தது என்று நினைத்தாய்?

தாயின் அக்கா நான் உயிரோடு இருக்கும்போது தரு ஆயாவாக மாட்டாள். திரஜ்லாலிடம் பேசிக்கொள்கிறேன்.

ஜசுமதி

பம்பாய்,
2 மே 1961

கோகிலாவுக்கு,

ஆறு வாரமாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. திரஜ்லால் மட்டும், "வீட்டில் கொஞ்சம் கஷ்டம், பிறகு எழுதுகிறேன்" என்று ஒரு கார்டு போட்டார்.

என்ன கஷ்டம் என்று சம்பாபென் எழுதிய கடிதம் நேற்று வந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உர்மிளாவின் குழந்தை, ஐந்து வயது ஆகாதது, தரையில் குந்தி உட்கார்ந்து துணியால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததாம். வாளித் தண்ணீர் சிவப்பாக இருந்ததாம்.

இதற்கும் ஒரு டீச்சர் பெயர் சொல்வாயா?

மாதக் கடைசியில் வருகிறேன். தருவின் துணிகளை எடுத்து வை.

ஜசுமதி

பாவ்நகர்,
7 மே 1961

மோட்டிபென்னுக்கு,

ஜய் ஸ்ரீகிருஷ்ணா. இப்போதுதான் எழுந்து உட்கார முடிகிறது. தரு நன்றாக இருக்கிறாள்.

ஏப்ரல் பதினாறாம் தேதி காலை. இவர் ரயிலோடு போடாத் ஊருக்குப் போயிருந்தார், ரயில்வே கார்டு வேலையில் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. எனக்கு ஐந்தாம் மாதம். சமையலறையில் வலி வந்து சுருண்டுவிட்டேன். தரு கத்தவில்லை, அழவில்லை. தன் கூஜாவையும் டம்ளரையும் தூக்கிவந்து என் தலைமாட்டில் வைத்து, சொட்டுச் சிந்தாமல் ஊற்றி, "அம்மா, குடி" என்று நீட்டினாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் கொக்கியைத் தானே கழற்றி, தெருவைத் தாண்டிப் போய்ச் சம்பாபென்னைக் கூட்டிவந்தாள். அந்தக் கொக்கியைக் கழற்ற அவளுக்கு மார்கழியில்தான் கற்றுக்கொடுத்தேன். டாக்டர், இன்னும் அரை மணி போயிருந்தால் என்னையும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார்.

எல்லாரும் என்னைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அவள் தன் துணியை எடுத்துவந்து துடைக்க ஆரம்பித்திருக்கிறாள். யாரும் சொல்லவில்லை. எனக்கு நினைவே இல்லை. கீழே சிந்தினால் துடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். "சம்பா காக்கி, இது போகவே மாட்டேங்குது" என்று சம்பாபென்னிடம் சொன்னாளாம். அதைக் கேட்டதிலிருந்து நானும் சாப்பிடவில்லை, மோட்டிபென்.

நீங்கள் கேள்விப்பட்ட இன்னொரு செய்தி இனி இல்லை. தொட்டில் கட்ட வேண்டியதில்லை.

வாருங்கள். துணி எடுத்து வைப்பதைப் பற்றி இவரிடம் கேட்டேன். "அவங்க தங்கச்சி பொண்ணுதானே, நீ படுத்திருக்க, ஒரு மாசம் இருந்துட்டு வரட்டுமே" என்கிறார். ஒரு மாதம்தானே?

கோகிலா

பாவ்நகர்,
11 ஜூன் 1961

மோட்டிபென்னுக்கு,

ஜய் ஸ்ரீகிருஷ்ணா. பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக இவருக்குக் கார்டு வந்தது. விரம்காமில் ரயில் மாறும்போது தரு தூங்கிப் போயிருப்பாள், நீங்கள் அந்த முழங்காலோடு அவளைத் தூக்கியிருப்பீர்கள்.

இங்கே இருந்த மூன்று நாளும் நீங்கள் என்னோடு பேசவில்லை. அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை. எழுதுகிறேன்.

பொத்தானை அவளே போடுவாள். மெதுவாகத்தான் போடுவாள். உங்களுக்குக் கை துடிக்கும், எனக்கும் துடித்தது. மனசுக்குள் இருபது எண்ணுங்கள். குளிக்கும்போது குவளையை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், தலையில் மட்டும் நீங்கள் ஊற்றினால் போதும். ரொட்டி இடும்போது எலுமிச்சை அளவு மாவு உருட்டிக் கொடுங்கள். அவள் இடுவது கட்சு ஜில்லா வரைபடம் மாதிரி கோணலாக இருக்கும், ஆனாலும் கல்லில் போட்டு அவள் தட்டில்தான் வைக்க வேண்டும். எதையாவது கொட்டினால் திட்டாதீர்கள், துணி எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். காட்டுவதற்குள் அவளே தேடுவாள்.

பாலமந்திர் நேற்றுத் திறந்துவிட்டது. எப்போது கூட்டிவருகிறீர்கள்?

கோகிலா

பம்பாய்,
20 ஜூன் 1961

கோகிலாவுக்கு,

தரு சுகம். குளிப்பாட்டுவது, பொத்தான் போடுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். அவள் கையைக் கீழே விடுவதில்லை. பொம்மை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். தொந்தரவு கொடுப்பதே இல்லை. இத்தனை சாதுவான குழந்தையை நான் பார்த்ததில்லை.

உன்னைக் கேட்பதே இல்லை.

அடுத்த மாதம் இங்கேயே நல்ல பள்ளிக்கூடத்தில், ஸ்லேட்டு இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறேன். திரஜ்லால் "உங்கள் இஷ்டம்" என்று எழுதிவிட்டார். நீயும் இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜசுமதி

பாவ்நகர்,
27 ஜூன் 1961

மோட்டிபென்னுக்கு,

ஜய் ஸ்ரீகிருஷ்ணா. இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. உங்கள் முழங்காலுக்கு ஈரம் ஆகாது, கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள்.

பெற்றவளும் இல்லை, பெற்றவளின் கூடப்பிறந்தவளும் இல்லை, எனக்கு அவள்மேல் என்ன பாத்தியதை என்று இவர் கேட்கிறார். வயிற்றில் இருந்ததும் போயிற்று, மடியில் இருந்ததும் போயிற்று.

தரு என்னைக் கேட்பதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் கேட்கவில்லையே. கேட்காததை ஏன் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் முதலில் எனக்கு எழுதினீர்கள்.

கோகிலா

பம்பாய்,
7 ஜூலை 1961

அன்புள்ள கோகிலாவுக்கு,

ஜய் ஸ்ரீகிருஷ்ணா. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை எப்படியும் தபாலில் போட்டுவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்து எழுந்து போனேன். தரு. அலமாரியிலிருந்து கிண்ணம் ஒன்றை எடுத்திருக்கிறாள். நான் காலையிலேயே தேய்த்துக் கவிழ்த்த கிண்ணம், அதில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அதைக் கீழே வைத்து, சொம்பிலிருந்து கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். அலசினாள். பாவாடையில் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். இங்கே வந்து ஐந்து வாரத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவே இல்லை. எவ்வளவு அழகாகச் சிரிக்கிறாள், கோகிலா! அப்படியே உர்மிளா.

"தரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நான் ஒண்ணும் பண்ணல மாசி, ஒண்ணுமே பண்ணல" என்றாள். பாவாடை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் சித்தி சமையலறைக்குள் நுழைந்தால் உர்மிளா இப்படித்தான் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். இதே சொல்லைத்தான் சொல்லுவாள். ஒரு துண்டு வெல்லத்தைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நடுங்குவாள். முப்பது வருஷமாக நான் சித்தியை உன் முகத்தில், ஊரார் முகத்தில் எல்லாம் தேடினேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தரு யாரைப் பார்த்து நடுங்கினாள் என்று உனக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டுமா? என் வீட்டில் என்னைத் தவிர அப்போது யாரும் இல்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உன்னைக் கேட்பதே இல்லை என்றது பொய். முதல் வாரம் முழுவதும் கேட்டாள். காலையில் கேட்டாள், சாப்பிடும்போது கேட்டாள். "அம்மாவுக்குத் தண்ணி யாரு ஊத்திக் குடுப்பாங்க?" என்று கேட்டாள். "இனிமே அந்தப் பேச்சு எடுத்தா பாரு!" என்று நான் அதட்டினேன். அதற்கப்புறம்தான் சாதுவாகிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கவுன் மாட்டும்போது என் கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நீ எழுதினபடி இருபது எண்ணினேன். போதவில்லை. நாற்பத்தாறில் கடைசிப் பொத்தான் நுழைந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "மாசி, உனக்கும் போட்டு விடவா?" என்று என் ரவிக்கைப் பொத்தானைப் பிடித்தாள். எனக்கு யாரும் பொத்தான் போட்டுவிட்டதில்லை கோகிலா, ஆறு வயதுக்கப்புறம்.

புதன்கிழமை புறப்பட்டு, வியாழக்கிழமை பதின்மூன்றாம் தேதி அங்கே வந்து சேருகிறோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை.

இத்தனை கடிதம் எழுதினேன். ஒன்றிலாவது உன் உடம்பைப் பற்றி ஒரு வரி கேட்டேனா? அங்கே மூன்று நாள் உன் கட்டிலைத் தாண்டித் தாண்டிப் போனேன். முகம் வெளுத்துக் கிடந்தாய், கண்ணால் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? ரத்தம் ஊற மருந்து ஏதாவது கொடுக்கிறார்களா? போனது ஆணா, பெண்ணா?

முடிந்தால் ஸ்டேஷனுக்கு நீ வா. முடியாவிட்டால் எழுந்திருக்காதே, படுத்தே இரு. திரஜ்லால் வந்து கையை நீட்டினால் தருவைத் தரமாட்டேன். வீட்டுக்கு வந்து, உன் கையில்தான் கொடுப்பேன்.

ஜசுமதி